இரண்டும் பிடிக்கும் என்றால் யாரானாலும் சரி என்று அர்த்தமா?

குரங்கணி மலைச் சரிவில் ஏறிப் போகிறவர்கள் ஏலச் செடியின் அடியில் கொஞ்சம் குனிந்து பார்க்க வேண்டும். ஏலம் உச்சியில் பூப்பதில்லை. செடியின் அடியிலிருந்து சரம் விடும். அந்தச் சரத்தில்தான் பூ வரும். வெள்ளைப் பூ; நடுவில் ஊதாக் கோடுகள். அதற்கு ஆயுள் ஒரே ஒரு நாள்.

அந்தச் சின்னப் பூவுக்குள் மகரந்தமும் இருக்கிறது, சூலகமும் இருக்கிறது. ஆண் பாகமும் பெண் பாகமும் ஒரே பூவில்! இப்படிப்பட்ட பூவுக்கு "இருபால் மலர்" என்று பள்ளிக்கூடப் பாடத்தில் பெயர். பனை அப்படி அல்ல. ஆண் பனை வேறு, பெண் பனை வேறு. காட்டில் தானாகப் படரும் மிளகுக் கொடிகளிலும் பெரும்பாலும் ஆண் கொடி, பெண் கொடி என்று தனித்தனியாக உண்டு. தோட்டத்தில் நாம் வளர்க்கும் மிளகில் பெரும்பாலும் இருபால் பூக்கள்தான்.

போடிநாயக்கனூரில் பிறந்த பிள்ளைகளுக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. ஆகவே, "இருபால்" என்ற சொல் காதில் விழுந்ததும் அவர்களுக்குப் பூதான் நினைவுக்கு வரும்.

இன்று அதே சொல் வேறோர் இடத்தில் கேட்கிறது. கல்லூரிக்குப் போன மகள் விடுமுறைக்கு வருகிறாள். "அம்மா, நான் இருபாலீர்ப்பு உள்ளவள்" என்கிறாள். பக்கத்து வீட்டுப் பையன், "நான் அது இல்லை, நான் அனைத்துப்பாலீர்ப்பு உள்ளவன்" என்கிறான். ஆங்கிலத்தில் ஒன்றை "பைசெக்ஸுவல்" என்கிறார்கள். மற்றொன்றை "பான்செக்ஸுவல்" என்கிறார்கள். அம்மாவுக்குத் தலை சுற்றுகிறது. அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறார்.

இது என்ன புதுச் சொல்? இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? வித்தியாசம் தெரிந்து வீட்டில் உள்ளவர்களுக்கு ஆகப்போவது என்ன?

நமது அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வித்தியாசம் உண்டு, ஆனால் அது சிறியது. அதைவிட ஆயிரம் மடங்கு பெரிய தவறு ஒன்று நம் வீடுகளில் நடக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பூ வேறு, மனம் வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். "இருபால்" என்று ஏலப்பூவுக்குச் சொல்வது அதன் உடலைப் பற்றி. "இருபாலீர்ப்பு" என்று மனிதருக்குச் சொல்வது அவர் மனம் யார் பக்கம் போகிறது என்பதைப் பற்றி. உடலைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

இந்தக் குழப்பம் தமிழுக்கு மட்டும் வந்தது அல்ல. ஆங்கிலத்திலும் இருந்தது. அங்கேயும் அந்தச் சொல் முதலில் செடி கொடிகளுக்கும், உடல் அமைப்புக்கும்தான் வழங்கியது. கிராஃப்ட் எபிங் என்ற டாக்டர் ஜெர்மன் மொழியில் எழுதிய மருத்துவ நூலை, 1892-ம் ஆண்டு சாடாக் என்ற அமெரிக்க டாக்டர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். மனத்தின் ஈர்ப்பைக் குறிக்க அந்தச் சொல்லை அவர் கையாண்டார். அதிலிருந்துதான் பொருள் மெல்ல மெல்ல மாறியது. ஆகவே போடியில் உள்ள ஒரு தாய்க்கு இந்தச் சொல் புரியவில்லை என்றால் அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை!

இன்னொரு குழப்பமும் உண்டு. "அப்படியானால் என் பிள்ளை திருநங்கையா?" என்று சிலர் பதறுகிறார்கள். அதுவும் வேறு.

மூன்று சங்கதிகளைத் தனித்தனியாக வைத்துப் பார்க்க வேண்டும். உடல் பிறவியிலேயே ஆண், பெண் என்ற வழக்கமான அமைப்புக்குள் அடங்காமல் இருந்தால், அவர் ஊடுபால் மனிதர். மதுரையிலேயே, 2019-ம் ஆண்டு ஏப்ரல் மாதம், ஐகோர்ட்டு கிளை அத்தகைய குழந்தைகளைப் பற்றித் தீர்ப்பு சொன்னது. அவர்களின் உடலை அவசரப்பட்டு அறுவைச் சிகிச்சையால் "திருத்த"க் கூடாது என்றது. இது உடல் சங்கதி.

ஆண் என்று பிறப்பில் எழுதப்பட்டவர் தம்மைப் பெண்ணாக உணர்ந்தால் அவர் திருநங்கை. பெண் என்று எழுதப்பட்டவர் தம்மை ஆணாக உணர்ந்தால் அவர் திருநம்பி. இது "நான் யார்?" என்ற சங்கதி. இவர்களுக்காகத் தமிழ்நாட்டில் 2008-ம் ஆண்டே நலவாரியம் ஏற்பட்டுவிட்டது. அதனால் இந்தப் பெயர்கள் நமக்குப் பழக்கம்.

மூன்றாவது, "எனக்கு யார் மேல் அன்பு பிறக்கிறது?" என்ற சங்கதி. நாம் பேச வந்த இரண்டு சொற்களும் இந்த மூன்றாவது வீட்டில் குடியிருப்பவை.

வாத்தியமா, ராகமா?

இருபாலீர்ப்பு என்றால் என்ன? ஒருவருக்கு ஆண் மேலும் ஈர்ப்பு வரலாம். பெண் மேலும் ஈர்ப்பு வரலாம். ஒரே அளவில் வர வேண்டும் என்பதில்லை. ஒரே காலத்தில் வர வேண்டும் என்பதும் இல்லை. சுருக்கமாக, ஒன்றுக்கு மேற்பட்ட பாலினத்தார் மேல் அன்பு பிறக்கக் கூடிய மனம்.

அனைத்துப்பாலீர்ப்பு என்றால் என்ன? எதிரே இருப்பவர் ஆணா, பெண்ணா, திருநரா என்பது இவருடைய அன்புக்கு ஒரு கணக்கே அல்ல. அந்த மனிதரைப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு உவமை சொல்லலாம். ஒருவருக்கு நாதஸ்வரமும் பிடிக்கும், வீணையும் பிடிக்கும். நாதஸ்வரத்தின் கம்பீரம் வேறு. வீணையின் குழைவு வேறு. இரண்டையும் அதனதன் தன்மையோடு ரசிக்கிறார். இன்னொருவர் இருக்கிறார். அவர் காதில் விழுவது ராகம்தான். அது நாதஸ்வரத்தில் வந்ததா, வீணையில் வந்ததா, பக்கத்துத் தெருவில் யாராவது வாய்விட்டுப் பாடினார்களா என்று அவர் கவனிப்பதே இல்லை. முதல்வரைப் போன்றது இருபாலீர்ப்பு. இரண்டாமவரைப் போன்றது அனைத்துப்பாலீர்ப்பு.

மனிதர்கள் வாத்தியங்கள் அல்ல என்பது நமக்கும் தெரியும். உவமையை ஓர் எல்லைக்கு மேல் இழுக்கக் கூடாது.

தமிழிலேயே இன்னும் சுலபமாக ஒரு வழி இருக்கிறது. "அவன் வந்தான்" என்றால் வந்தது ஆண். "அவள் வந்தாள்" என்றால் பெண். "அவர் வந்தார்" என்றால்? ஆணும் இருக்கலாம்; பெண்ணும் இருக்கலாம். நமக்குத் தெரிவது வந்தவர் மரியாதைக்கு உரியவர் என்பது மட்டும்தான். இருபாலீர்ப்பு உள்ளவரின் மனம் பெரும்பாலும் "அவன்" என்றும் "அவள்" என்றும் பார்த்தே விரும்புகிறது. அனைத்துப்பாலீர்ப்பு உள்ளவரின் மனம் "அவர்" என்ற இடத்திலேயே நின்றுவிடுகிறது.

வித்தியாசம் இவ்வளவுதான். இதைத் தெரிந்துகொள்ள பி.ஏ. படிக்க வேண்டியதில்லை.

எண்ணெயைப் பாருங்கள்!

இந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்துக்கொண்டு இளைஞர்கள் சண்டை போடுகிறார்கள் என்பது வேடிக்கை. சண்டை இதுதான்.

"இரு" என்றால் இரண்டு. ஆகவே இருபாலீர்ப்பு உள்ளவர்கள் ஆண், பெண் இரண்டு பேரை மட்டும்தான் விரும்புவார்கள். திருநங்கை, திருநம்பிகளை ஒதுக்கிவிடுவார்கள். இப்படி ஒரு கட்சி. "பான்" என்றால் கிரேக்க மொழியில் எல்லாம் என்று பொருள். எங்களுடையது விசாலமான மனசு என்று அவர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். "போங்கள், உங்களுடையது நேற்று முளைத்த ஃபேஷன்" என்கிறது எதிர்க்கட்சி.

இரண்டு கட்சியும் சொல்வது நியாயம் அல்ல.

ஒரு சொல்லின் பொருளை அதன் தலையெழுத்தை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது. எள்ளிலிருந்து வந்த நெய்தான் எண்ணெய். அப்படியிருக்க, தேங்காய் எண்ணெய் என்கிறோம். கடலை எண்ணெய் என்கிறோம். விளக்குக்கு மண்ணெண்ணெய் ஊற்றினோம். அதிலெல்லாம் எள் எங்கே இருக்கிறது? எந்த மளிகைக்கடைக்காரராவது, "இது எள் இல்லை, ஆகவே எண்ணெய் என்று சொல்லாதே" என்று சண்டைக்கு வந்தாரா?

1990-ம் ஆண்டிலேயே, அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ பகுதியிலிருந்து வந்த ஒரு பத்திரிகையில், இருபாலீர்ப்பு உள்ளவர்கள் தங்கள் கொள்கை அறிக்கையை வெளியிட்டார்கள். உலகத்தில் இரண்டே பாலினம்தான் என்று நாங்கள் நினைப்பதாக எண்ணிக்கொள்ள வேண்டாம் என்று அதில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். 35 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இன்னமும் அவர்கள் மேல் அதே பழி!

மறுபக்கம், "பான்" என்பதும் வெறும் பகட்டு அல்ல. ஜனெல் மோனே என்று அமெரிக்காவில் ஒரு புகழ்பெற்ற பாடகி இருக்கிறார். முதலில் தம்மை இருபாலீர்ப்பு உள்ளவராகவே எண்ணியிருந்ததாகவும், பிறகு அனைத்துப்பாலீர்ப்பு பற்றிப் படித்தபோது அதுவும் தமக்குப் பொருந்தக் கண்டதாகவும் 2018-ம் ஆண்டு ஒரு பேட்டியில் அவர் சொன்னார். ஒரே மனிதர், இரண்டு சொல்லும் பொருந்துகிறது. அந்த வாரம் அகராதியைப் புரட்டி அந்தச் சொல்லைத் தேடியவர்கள் ஏராளம். தங்கள் மனத்துக்கு ஒரு பெயர் கிடைத்ததே என்று நிம்மதி அடைந்தவர்களும் அதில் இருந்திருப்பார்கள்.

நமக்குத் தோன்றுவது இது. போடியில் ஏலக்காய் ஏலத்துக்குப் போவதற்கு முன் சல்லடையில் போட்டுச் சலிக்கிறார்கள். 8 மில்லிமீட்டர் காய் ஒரு பக்கம். 7 மில்லிமீட்டர் காய் ஒரு பக்கம். நிறம் பார்த்து வேறு பிரிக்கிறார்கள். காய்க்குத் தரம் போடுவது வியாபாரியின் வேலை. காய் வாய் திறந்து, "நான் இன்ன ரகம்" என்று சொல்லப்போவதில்லை.

மனிதருக்கு வாய் இருக்கிறது. அவரே சொல்லட்டும். இருபால் என்று சொன்னால் இருபால். அனைத்துப்பால் என்று சொன்னால் அனைத்துப்பால். இன்றைக்கு ஒன்றைச் சொல்லி, 3 வருஷம் கழித்து மற்றதைச் சொன்னாலும் சொல்லட்டும். எந்தப் பெயரும் வேண்டாம் என்றாலும் சரி. அவருக்காக நாம் சல்லடை எடுக்க வேண்டியதில்லை.

(இன்னொரு வார்த்தை. இந்த இரண்டு கூட்டத்தாருக்கும் தனித்தனி மூவர்ணக் கொடிகள் உண்டு. சிவப்பு கலந்த ஊதாவும் நீலமும் கொண்டது ஒன்று. நடுவில் மஞ்சள் உள்ளது மற்றொன்று. அந்தக் கொடி இருக்கிறதா என்று மகனுடைய போனைக் குடைந்து பார்க்கும் வேலை வேண்டாம்!)

ஆபத்து எங்கே இருக்கிறது?

இப்போது விஷயத்துக்கு வருவோம்.

ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். ஊர், குரங்கணியோ கொட்டகுடியோ. தகப்பனார் தினமும் விடியற்காலையில் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வழியாக ஏலத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகிறார். சிறுகச் சிறுகச் சேர்த்துப் பெண்ணைப் படிக்கவைத்தார். அவள் ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "எனக்கு ஆண், பெண் இருவர் மேலும் ஈர்ப்பு வரும் அப்பா. இப்போது என் மனத்தில் இருப்பவள் ஒரு பெண்" என்று சொல்கிறாள்.

"எனக்குப் பெண்கள் மேல் மட்டும்தான் ஈர்ப்பு" என்று சொன்ன பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது? அடி, அழுகை, சாமியாடி, வைத்தியம். அது ஒரு கொடுமை. ஆனால் இந்தப் பெண்ணுக்குக் கிடைப்பது வேறு மாதிரி. தகப்பனாரின் முகத்தில் ஒரு நிம்மதி தெரிகிறது!

"அட, ஆணையும் பிடிக்கும்தானே? பிறகென்ன? அத்தை மகனைக் கட்டிக்கொள். எல்லாம் சரியாகிவிடும்."

இதுதான் அந்தப் பெரிய தவறு. இருபால் ஆனாலும் சரி, அனைத்துப்பால் ஆனாலும் சரி, இருவருக்கும் விழுகிற அடி இதே இடத்தில்தான் விழுகிறது. "இரண்டும் பிடிக்கும்" என்று பிள்ளை சொன்னதை, "யாரானாலும் சரி" என்று பெற்றோர் கேட்டுக்கொள்கிறார்கள். அவள் சொன்னது ஒன்று; இவர்கள் காதில் விழுந்தது வேறொன்று.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஆண்கள் மேல் மட்டும் ஈர்ப்பு உள்ள பெண்ணுக்கு எல்லா ஆண்களையும் பிடிக்குமா? போடி பஸ் நிலையத்தில் நிற்கிற முதல் ஆளுக்கு அவளைக் கட்டிக்கொடுத்துவிடலாமா? கூடாது என்று உங்களுக்கே தெரியும். ஜாதகம் பார்க்கிறீர்கள், குணம் விசாரிக்கிறீர்கள், பிள்ளையின் சம்மதம் கேட்கிறீர்கள். பிறகு இந்தப் பெண்ணுக்கு மட்டும் அந்த மரியாதை ஏன் இல்லாமல் போயிற்று?

ஈர்ப்பு யார் மேல் வரக்கூடும் என்பது வேறு. அன்பு யார் மேல் வந்திருக்கிறது என்பது வேறு. கல்யாணத்துக்கு வேண்டியது இரண்டாவது.

அப்படிக் கட்டாயமாகக் கட்டிவைத்தால் கெடுவது ஒரு வாழ்க்கை அல்ல. அந்த அத்தை மகன் என்ன பாவம் செய்தான்? மனத்தில் வேறொருவரை வைத்துக்கொண்டு தாலிக்குக் கழுத்தை நீட்டிய பெண்ணோடு அவன் குடித்தனம் நடத்த வேண்டும். அவனுக்கு யாரும் எதையும் சொல்லவில்லை. இரண்டு வருஷம் கழித்து இரண்டு குடும்பமும் பேச்சு வார்த்தை இல்லாமல் போகும். "சரியாகிவிடும்" என்று சொன்ன பெரியவர்கள் அன்றைக்கு வந்து நிற்பார்களா?

சிலர் இதைத் தலைகீழாகவும் சொல்கிறார்கள். "இரண்டும் வேண்டும் என்கிறவர் ஒருவரோடு நிலையாக இருப்பாரா? எப்போதும் இன்னொருவரைத் தேடிக்கொண்டே இருப்பாரே!" என்கிறார்கள். இதுவும் தப்புக் கணக்கு. பெண்களை விரும்புகிற ஆண் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு அறுபதாம் கல்யாணம் வரை வாழவில்லையா? ஊரில் மற்றப் பெண்கள் இல்லாமல் போனார்களா? ஏமாற்றுவது குணம். ஈர்ப்பு குணம் அல்ல. ஏமாற்றுகிறவர்கள் எல்லா ரகத்திலும் இருக்கிறார்கள். நம் தெருவிலேயே ஒன்றிரண்டு பேரைக் காட்டலாம்.

அதேபோல, இருபாலீர்ப்பு உள்ள ஒருவர் தாமாக விரும்பி, சொல்ல வேண்டியதைச் சொல்லி, எதிர்ப்பால் துணையை மணந்துகொண்டால் அதிலும் தவறில்லை. அப்போது, "பார்த்தாயா, திருந்திவிட்டான்" என்று சொல்லாதீர்கள். அவர் திருந்தவும் இல்லை, மாறவும் இல்லை. அவருக்குப் பிடித்த ஒருவரை மணந்தார். விஷயம் அவ்வளவுதான்.

நீதிபதி பாடம் கேட்டார்

"படித்தவர்கள் சொல்லிவிடுவார்கள். எங்களுக்கு இதெல்லாம் புதுசு" என்று பெற்றோர் சொல்லலாம். உண்மைதான். ஆனால் இது யாருக்குத்தான் புதுசாக இல்லை? ஐகோர்ட்டு நீதிபதிக்கே புதுசாக இருந்தது!

2021-ம் ஆண்டு நடந்த சம்பவம் இது. மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம் பெண்கள் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். வீட்டில் எதிர்ப்பு. இருவரும் சென்னைக்குப் போய்விட்டார்கள். பெற்றோர்கள் மகளைக் காணோம் என்று போலீசில் புகார் கொடுத்தார்கள். பெண்கள் பாதுகாப்பு கேட்டுச் சென்னை ஐகோர்ட்டுக்குப் போனார்கள்.

வழக்கு நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முன்னால் வந்தது. அவர் உடனே தீர்ப்பு எழுதவில்லை. இந்த விஷயத்தில் தமக்கே போதிய தெளிவு இல்லை என்று வெளிப்படையாக எழுதினார். மனோதத்துவ நிபுணர் ஒருவரிடம் தாமே மாணவர் போல உட்கார்ந்து பாடம் கேட்டார். பெண்களையும் பெற்றோரையும் ஆலோசனைக்கு அனுப்பினார். அதன் பிறகுதான், 2021-ம் ஆண்டு ஜூன் 7-ந் தேதி, விரிவான உத்தரவைப் போட்டார். இப்படிப்பட்டவர்களைப் போலீசார் தொல்லை செய்யக் கூடாது. சிகிச்சை என்ற பெயரில் மனத்தை மாற்ற முயலக் கூடாது என்றார்.

அந்த வழக்கு இருபாலீர்ப்பு பற்றியது அல்ல. ஆனால் அதன் பலன் எல்லோருக்கும் வந்தது. 2022-ம் ஆண்டு பிப்ரவரியில் தமிழ்நாடு சர்க்கார் போலீசாரின் நடத்தை விதிகளையே திருத்தியது. அதே ஆண்டு ஆகஸ்டில், யாரை எந்தச் சொல்லால் மரியாதையாகக் குறிப்பிடுவது என்று ஒரு சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. வசைச் சொற்களுக்குப் பதில் மரியாதைச் சொற்கள்! தேசிய மருத்துவக் கமிஷனும், மனத்தை மாற்றுகிறேன் என்று வைத்தியம் செய்வது டாக்டர் தொழிலுக்கே குற்றம் என்று 2022-ம் ஆண்டு அறிவித்தது. ஆகவே, "எங்களுக்குத் தெரிந்த ஒரு டாக்டர் இருக்கிறார், ஊசி போட்டுச் சரி செய்துவிடுவார்" என்று யாராவது சொன்னால், பணத்தைப் பத்திரமாக மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

இது நோயே அல்ல என்பது இன்றைக்கு நேற்றுச் சொன்னதும் அல்ல. 1948-ம் ஆண்டிலேயே அமெரிக்காவில் கின்சி என்ற பேராசிரியர் ஆயிரக்கணக்கான ஆண்களிடம் பேசி ஒரு புத்தகம் எழுதினார். ஆள் உண்மையில் பூச்சி ஆராய்ச்சியாளர்! ஒரு கடைசியில் 0, மறு கடைசியில் 6 என்று ஒரு அளவுகோல் போட்டார். இந்தக் கோடியிலும் அந்தக் கோடியிலும் இல்லாமல் நடுவில் நிற்பவர்களும் இருக்கிறார்கள் என்று காட்டினார். 1953-ம் ஆண்டு பெண்களைப் பற்றியும் அப்படியே எழுதினார். 1990-ம் ஆண்டு மே 17-ந் தேதி உலகச் சுகாதார நிறுவனம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

சட்டம் எங்கே நிற்கிறது?

வயது வந்த இருவர் மனமொத்துப் பழகுவது குற்றம் அல்ல. 2018-ம் ஆண்டு செப்டம்பர் 6-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. வயது வந்த இருவர் ஒருவரை ஒருவர் தேர்ந்தெடுப்பதற்குக் குடும்பத்தின் சம்மதமோ ஊர்ப் பஞ்சாயத்தின் சம்மதமோ அவசியம் இல்லை என்றும் அதே ஆண்டு மார்ச்சில் வேறொரு வழக்கில் சொன்னது.

ஆனால் ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ள முடியாது. 2023-ம் ஆண்டு அக்டோபர் 17-ந் தேதி 5 நீதிபதிகள் கொண்ட பெஞ்சு அந்த உரிமையைத் தர மறுத்துவிட்டது. ஆகவே நாம் மேலே சொன்ன பெண், தன் தோழியோடு வாழலாம். ரேஷன் கார்டிலும் வங்கிக் கணக்கிலும் மனைவி என்று எழுத முடியாது. இருபாலீர்ப்பு உள்ளவருக்கு இது விசித்திரமான நிலைமை. அவர் ஓர் ஆணை விரும்பினால் சட்டம் வாசலைத் திறக்கிறது. ஒரு பெண்ணை விரும்பினால் மூடுகிறது. மனம் ஒன்றுதான், வாசல் மட்டும் இரண்டு! "இரண்டும் பிடிக்கும்தானே, சுலபமான வழியில் போயேன்" என்று சொல்கிறவர்களுக்கு இந்தக் கதவும் ஒரு சாக்காகிவிடுகிறது.

சென்னை ஐகோர்ட்டு கொஞ்சம் ஆறுதல் சொல்லியிருக்கிறது. வீட்டில் அடைத்துவைக்கப்பட்ட 25 வயதுப் பெண் ஒருத்தியை மீட்க அவளுடைய தோழி வழக்குப் போட்டாள். 2025-ம் ஆண்டு மே மாதம் 2 நீதிபதிகள் அந்தப் பெண்ணை அவள் விரும்பிய இடத்துக்குப் போக அனுமதித்தார்கள். கல்யாணம் ஒன்றுதான் குடும்பத்துக்கு வழி என்பதில்லை. தாமாகத் தேர்ந்தெடுத்த குடும்பமும் குடும்பம்தான் என்றார்கள்.

அன்றைக்கு இரவு என்ன செய்வது?

பெற்றோருக்கு இது சுலபம் என்று நாம் சொல்லவில்லை. தேயிலைத் தோட்டத்திலும் ஏலத் தோட்டத்திலும் முதுகு வளைத்தவர்களுக்கு ஊர்ப் பேச்சு சின்ன விஷயம் அல்ல. நாளைக்கு ஒரு கடனுக்கு, ஒரு சாவுக்கு, ஒரு கோயில் காரியத்துக்கு அந்த ஊர்தான் கூட நிற்க வேண்டும். பயம் நியாயமானதே. ஆனால் அந்தப் பயத்துக்குக் கூலியைப் பிள்ளை கொடுக்கக் கூடாது.

பிள்ளை சொல்கிற இரவில் பதில் சொல்ல வேண்டும் என்று கட்டாயம் இல்லை. "சாப்பிட்டாயா?" என்று கேட்டால் போதும். சோறு போட்டு உட்காரவையுங்கள். மறுநாள் கேட்கலாம். "இருபாலா, அனைத்துப்பாலா?" என்று குறுக்கு விசாரணை வேண்டாம். "நீ சொன்ன சொல்லுக்கு என்ன அர்த்தம்? எனக்கு விளங்கச் சொல்" என்று கேளுங்கள். பிள்ளையே சொல்லும். இந்தக் கட்டுரையைவிட நன்றாகவே சொல்லும்.

யாரிடம் சொல்வது என்பதைப் பிள்ளையே தீர்மானிக்கட்டும். மாமாவுக்கு அன்றைக்கே போன் போடாதீர்கள். மாமாவுக்குச் சொன்னால் மாப்பிள்ளை தேட ஆரம்பித்துவிடுவார்!

வயது 15, 16 என்றால் இன்னும் பொறுமை வேண்டும். அந்த வயதில் மனம் எத்தனையோ கேள்வி கேட்கும். "இப்போதே ஒன்றைச் சொல்லித் தொலை" என்று விரட்டவும் வேண்டாம், "உனக்கு என்ன தெரியும்?" என்று வாயை அடைக்கவும் வேண்டாம். படிப்பு நடக்கட்டும். படிப்பை நிறுத்திக் கல்யாணம் என்ற பேச்சு மட்டும் வீட்டுக்குள் வரக் கூடாது. 18 வயது ஆகாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது எப்படியும் சட்ட விரோதம்தான்.

மனம் ரொம்பவும் கலங்கினால், சர்க்காரே நடத்தும் மனநல உதவி எண் ஒன்று இருக்கிறது: 14416. காசு கிடையாது. இரவிலும் பகலிலும் கூப்பிடலாம். தமிழிலேயே பேசலாம். கூப்பிடுகிறவர் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வாசலுக்கு எழுந்து போன அப்பாவும் கூப்பிடலாம்.